யாழ்ப்பாணத்துக் கேத்திலும் லண்டன் பொயிலரும்

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் குசினிக்குள் போய்க் கேத்தில் மூடியைத் திறந்தாலும் அடியில் அது இருக்கும். சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், செதில் செதிலாக, நகத்தால் சுரண்டினால் கழன்று வரும் ஒரு படிவு. புதுக் கேத்தில் வாங்கி இரண்டு மாதம் போக முன்னரே பிடிக்கத் தொடங்கிவிடும். ‘தண்ணியிலை கல்லு’ என்று சொல்லி, இடைக்கிடை அரைத் தேசிக்காயைப் பிழிந்து கொதிக்கவைத்து ஊற்றுவதோடு வீட்டுக்காரர் அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள்.

அந்தச் செதில் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். விளிம்பிலே நுரை எழும்பும். காதுக்குக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்கும். வெளியேறுவது காபனீரொட்சைட்டு. பிறகு, வளவு மூலையில் கிணறு வெட்டிய காலத்துக் கல் ஏதும் கிடந்தால் அதையும் கொஞ்சம் பொடியாக்கி அதே புளியை விடுங்கள். அங்கும் அதே நுரை. இரண்டும் கல்சியம் காபனேற்றுத்தான். கிணற்றடிக் கல் கரைந்து, குழாய் வழியாக வீட்டுக்குள் வந்து, கேத்திலின் அடியில் மறுபடியும் கல்லாகியிருக்கிறது.

குடாநாட்டின் கீழே கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. ஆழமில்லாத வெப்பக் கடலொன்றில் முருகைகளும் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் விட்டுப்போன ஓடுகள் படிந்து இறுகியதே நாங்கள் நிற்கும் தரை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை சூளையில் போட்டுச் சுட்டதும் இந்தக் கல்லைத்தான். ஆறென்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. மிச்ச மழையில் கணிசமான பங்கு கல்லின் வெடிப்புகளுக்குள்ளே இறங்கிவிடுகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அப்படிக் கரைந்த கல்லின் வாசல்கள்.

மழைநீர் தனியே கல்லைக் கரைப்பதில் கெட்டிக்காரன் அல்ல. காபனீரொட்சைட்டுக் கலவாத தூய நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 14 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றைத்தான் கரைக்கும். ஆனால் மழைத்தண்ணீர் தோட்டத்து மண்ணுக்குள்ளால் இறங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. வேர்களும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டபடி இருப்பதால் மண்ணிடை வளியில் காபனீரொட்சைட்டு, வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு. அதை வாங்கிக்கொண்ட நீர் ஒரு மென்னமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைத் தின்று, கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாற்றி, லீற்றருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராமைச் சுமந்துகொண்டு கிணற்றுக்கு வருகிறது. குடிநீரின் வன்மைக்கு இலங்கைத் தரநிலை விதித்திருக்கும் உச்சம் லீற்றருக்கு 250 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் ஏராளம். கணக்குக்கு வசதியாக 300 என்று வைத்துக்கொள்வோம்.

சீனியோ உப்போ என்றால் தண்ணீர் சூடாகச் சூடாகக் கூடுதலாகக் கரையும். கல்சியம் இருகாபனேற்றின் போக்கு நேரெதிர். சூடேறினால் காபனீரொட்சைட்டு வெளியே ஓடிவிடும், கரைந்திருந்த கல் மறுபடி திண்மமாகும். எங்கே சூடு மிகக் கூடவோ அங்கேதான் முதலில் படியும். பானையின் நடுவிலோ வாயிலோ அல்ல, நெருப்பையோ மின்கம்பியையோ ஒட்டியிருக்கும் உலோகத்தின் மேல். எந்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்குள் நுழைய வேண்டுமோ அந்த இடத்தையே பார்த்து அடைக்கும் படிவு இது. (கரையோரச் சவர்த் தண்ணீரில் இருக்கும் குளோரைட்டும் சல்பேற்றும் வேறு விதம். கொதிக்கவைத்தாலும் அவை இப்படி இறங்குவதில்லை. அவற்றின் வேலை உலோகத்தை அரிப்பது.)

அடைத்தால் என்ன ஆகும்? வெப்பத்தைக் கடத்துவதில் செப்பின் எண் ஏறக்குறைய 400. கறையில் உருக்குக்கு 15. கேத்தில் படிவுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில். 2,000 உவாற்று மின்கேத்தில் ஒன்றின் அடித்தட்டு 14 சென்ரிமீற்றர் அகலம் என்று கொள்வோம். அரை மில்லிமீற்றர் உருக்குத் தட்டின் ஊடாக அந்த வெப்பம் போக, தட்டின் இரு பக்கத்துக்கும் 4 பாகை வித்தியாசம் இருந்தால் போதும். அதன் மேல் ஒரேயொரு மில்லிமீற்றர் தடிப்பில் கல் படிந்திருந்தால், அதே வெப்பத்தைத் தள்ள இன்னும் 85 பாகை வேண்டும். மேலே தண்ணீர் 100 பாகையில் கொதித்துக்கொண்டிருக்க, கீழே உலோகம் 190 பாகைக்குக் கிட்ட நிற்கும். அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவில் ஓர் ஓட்டைச் செருகிவைத்துச் சமைப்பது போன்ற வேலைதான்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் கூடவில்லை, தீ பெருக்கவில்லை. உள்ளே வருகிற வெப்பம் நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவே. வெளியே போகிற வழி ஒடுங்கியதால் உலோகம் சூடேறிவிட்டது. அளவுக்கு மீறிச் சூடாகும் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, ‘சூட்டை யார் சுமந்துகொண்டு போகிறார்கள், அவர்கள் ஏன் வரவில்லை’ என்பதுதான். பலரும் தலைகீழாகத் தொடங்கி, தீயைக் குறைத்துப் பார்ப்பார்கள். அதனால் காய்ச்சல் இறங்கும், வருத்தம் மாறாது.

யாழ்ப்பாணத்து மோட்டர் மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்று பிரித்தானியக் கார்கள் இங்கே தம் ஆயுளுக்கு மிஞ்சி ஓடியவை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் சில துளி விட்டு ஸ்ராற் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார் கொதித்து நின்றால் நல்ல மெக்கானிக் எஞ்சினைத் தொடமாட்டார். ரேடியேற்றரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்ப்பார், பிறகு கீழ் ஹோஸை. மேலது சுட்டு, கீழது பச்சைத் தண்ணியாய் இருந்தால் நடுவில் தண்ணீர் ஓடவில்லை. இரண்டும் ஒரேமாதிரிச் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் ரேடியேற்றர் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கவில்லை. இரண்டு கைப்பிடியில் பாதி விசாரணை முடிந்துவிடும். அந்த ரேடியேற்றர்களைக் கெடுத்ததும் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். ஒழுக்கை அடைக்காமல், போகும் வழியில் யார் வீட்டுக் கிணற்றிலோ ஒரு வாளி அள்ளி ஊற்றி ஊற்றி ஓடிய கார்களின் குழல்கள் உள்ளே கல் கட்டிப்போயிருக்கும்.

இவ்வளவையும் சொல்ல வந்ததற்குக் காரணம் ஒரு ரெலிபோன். மார்கழி மாதத்தில் லண்டனிலிருந்து சின்னக்கா எடுத்தா. ஊரில் பௌதிகம் படிப்பித்த தம்பி ஒருவன் இருந்தால், அவன் வாழ்நாளில் பொயிலர் ஒன்றைக் கண்ணால் கண்டிராவிட்டாலும் இப்படியான கேள்விகள் வரும்.

“தம்பி, இஞ்சை பொயிலர் இடி இடிக்குது. பிறகு சிவப்பு லைற் எரிஞ்சு நிண்டுபோடுது. கூடக் கொதிச்சிட்டுது எண்டு காட்டுது. வீடெண்டால் ஐஸ்பெட்டி. வீடு குளிருது, பொயிலர் கொதிக்குதாம். என்ன நியாயம் இது?”

நியாயம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. வீடு குளிர்வதும் பொயிலர் கொதிப்பதும் ஒரே நோயின் இரண்டு முகம். உண்டாகிற சூடு அறைகளுக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் உண்டான இடத்திலேயே தேங்கிவிட்டது.

பார்க்காதவர்களுக்காக: இங்கிலாந்து வீடுகளில் குசினிச் சுவரில் ஓர் அலுமாரி அளவில் பெட்டி தொங்கும். உள்ளே காஸ் எரியும். அந்தச் சுவாலையைச் சுற்றி ஓர் உலோகக் கூடு, அதற்குள் தண்ணீர். ஆங்கிலத்தில் பொயிலர் என்றாலும் அதற்குள் தண்ணீர் கொதிக்கக் கூடாது. 60, 70 பாகைக்குச் சூடேறிய நீரை ஒரு பம்ப் தள்ள, அது குழாய் வழியாக ஒவ்வோர் அறையிலும் சுவரோடு நிற்கும் உருக்குத் தகடுகளுக்குப் போய், அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு, இறங்கிய வெப்பத்தோடு திரும்பிவரும். அந்தத் தகடுகளையும் ரேடியேற்றர் என்றே சொல்கிறார்கள். காரில் இருப்பது எஞ்சினைக் குளிர்விக்க, அங்கே இருப்பது மனிசரைச் சூடாக்க. பௌதிகம் ஒன்று.

ஆகவே மெக்கானிக்கின் அதே கேள்விதான். “அக்கா, பெட்டிக்குக் கீழை கன பைப் போகும். அதிலை ரேடியேற்றருக்குப் போறது எது, திரும்பி வாறது எது எண்டு தெரியுமே? மூடியைத் திறக்க வேண்டாம், வெளியாலை பைப்பை மட்டும் ஒரு சொட்டு தொட்டுப் பாருங்கோ, சுடும்.”

இந்த இரண்டு குழாய்களும் சொல்லக்கூடிய கதைகள் பல. போகும் குழாய் கைவைக்க முடியாமல் சுட்டு, வரும் குழாய் குளிர்ந்து கிடந்தால் நீர் சுற்றவில்லை. காரணம் பம்பாக இருக்கலாம். கோடை முழுதும் ஓடாமல் கிடந்த பம்பின் அச்சு இறுகி, முதல் குளிருக்கு ஓட மறுப்பது அங்கே வழமையாம். குழாயின் உச்சியில் காற்று அடைபட்டிருக்கலாம். அப்படியென்றால் ரேடியேற்றரின் மேற்பாதி குளிரும், கீழ்ப்பாதி சுடும். கீழ்ப்பாதி, அதுவும் நடுப்பகுதி, குளிர்ந்து மேலே சுட்டால் அடியில் கறுப்புச் சேறு. அந்தச் சேறு மண் அல்ல. உருக்குத் தகட்டை உள்ளிருந்து அரித்த இரும்பொட்சைட்டு, மக்னரைற்று. காந்தத்தில் ஒட்டும். அதனால்தான் இப்போது திரும்பும் குழாயில் காந்தம் வைத்த வடி ஒன்றைப் பூட்டுகிறார்கள்.

இரண்டு குழாயும் ஏறக்குறைய ஒரே அளவு சுட்டால் நீர் ஓடுகிறது, வீடு சூட்டை எடுக்கவில்லை. மிச்சம் பிடிக்க நினைத்து ஒவ்வோர் அறையிலும் வால்வைப் பூட்டிக்கொண்டு வந்தால் கடைசியில் பொயிலருக்குச் சூட்டைக் கொட்ட இடமில்லாமல் போகும். இரண்டு குழாயும் இளஞ்சூடாக இருந்தும் பெட்டி ‘கொதிக்குது’ என்றால், பொய் சொல்வது உணரி. அது ஒரு சிறிய தடையி. வெப்பம் ஏறினால் தடை இறங்கும் வகை. வயர் எங்காவது குறுக்கே தொட்டுத் தடை பூச்சியத்துக்கு விழுந்தால், பெட்டியின் மூளைக்கு அது எரிமலை வெப்பமாகத் தெரியும், உடனே தீயை அணைத்துவிடும்.

சின்னக்காவின் வீட்டில் இவை எதுவும் பொருந்தவில்லை. போகும் குழாய் நல்ல சூடு, வரும் குழாய் மிதமான சூடு. தகடுகள் மேலிருந்து கீழ்வரை ஓரளவு சூடாகி, பிறகு பெட்டி நின்றதும் ஆறிவிடுகின்றன. ஆனால் அந்தச் சத்தம்! ரெலிபோனைப் பெட்டிக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். முதலில் ஒரு இரைச்சல், பிறகு கல்லெறிந்தாற்போல டங் டங் என்று.

கொதிக்க முன்னர் கேத்தில் இரைவதைக் கேட்டிருப்பீர்கள். அடித்தட்டில் உலோகம் நூறைத் தாண்டியதும் அங்கே நீராவிக் குமிழ் பிறக்கிறது. மேலே எழும்பும்போது இன்னும் நூறாகாத தண்ணீரைச் சந்தித்து, ஆவி சட்டெனத் தண்ணீராகிக் குமிழ் நசுங்கிவிடுகிறது. ஒவ்வொரு நசுங்கலும் ஒரு சின்ன அடி. ஆயிரம் அடி சேர்ந்தால் இரைச்சல். தண்ணீர் முழுவதும் நூறுக்கு வந்ததும் குமிழ்கள் நசுங்காமல் மேலே வந்து உடைகின்றன, அப்போது சத்தம் தணிந்து ‘கொள கொள’ என்று மாறும். தேத்தண்ணி போடுகிறவர்கள் இதைக் காதாலேயே அறிவார்கள்.

பொயிலருக்குள் இந்தச் சத்தம் கேட்கக் கூடாது. அங்கே தண்ணீர் அமுக்கத்தில் இருக்கிறது. மானி 1 பார் காட்டினால், கொதிநிலை 120 பாகை. நீரோ 70 பாகையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் குமிழ் பிறக்கிறதென்றால் உலோகத்தின் ஏதோ ஒரு மூலையாவது 120ஐத் தாண்டியிருக்க வேண்டும். கல்லுக்கு அடியில் சிறைப்பட்ட மெல்லிய நீர்ப்படலம் ஆவியாகிப் பொரிகிறது, குளிர்ந்த ஓட்டத்துக்குள் வந்து நசுங்குகிறது. இங்கிலாந்துப் பொயிலர்காரர்களும் இந்தச் சத்தத்துக்குக் கேத்திலின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

லண்டனிலும் கல்லா? அங்கேயும்தான். நகரின் கீழும் சுற்றுப்புறத்திலும் கிடப்பது சோக்குக்கல். எங்கள் கல்லைவிடப் பல கோடி ஆண்டு மூத்தது, கிரேத்தேசியஸ் காலத்துக் கடலில் மிதந்த பாசிகளின் நுண்ணோடுகளால் ஆனது, ஆனால் அதே கல்சியம் காபனேற்று. தேம்ஸ், லீ ஆறுகளும் நிலத்தடி நீரும் அதைக் கரைத்துக்கொண்டுதான் வருகின்றன. கிளாஸ்கோவில் குடியேறியவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அந்த நகருக்கு 1859 முதல் லொக் கற்றின் ஏரித் தண்ணீர் போகிறது. கரையாத பாறைகளின் மேல் தேங்கிய மழை அது, சவர்க்காரம் போட்டவுடன் நுரைக்கும். யாழ்ப்பாணத்தை விட்டுப்போன எங்களவர்களில் பலர் லண்டனில் போய் இறங்கி, தம் கிணற்றுத் தண்ணீரின் குணத்தையே குழாயில் பிடித்தார்கள் என்று சொன்னால் பெரிய பிழையில்லை.

இருந்தாலும் எனக்கு ஒரு விஷயம் இடறியது. ரேடியேற்றர்ச் சுற்று ஒரு மூடிய சுற்று. அதே தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. கேத்திலுக்கு நாளாந்தம் புதுத் தண்ணீர், நாளாந்தம் புதுக் கல். ஒரு வீட்டில் தினம் 5 லீற்றர் கொதிக்கவைத்தால் அதில் இருக்கும் கல் நாளுக்கு ஒன்றரைக் கிராம், வருடத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல். அதில் ஒரு பங்குதான் அடியில் பிடிக்கும் என்றாலும் அது பெருந்தொகை. மூடிய சுற்றிலோ நூறு லீற்றர் தண்ணீர் என்றால் மொத்தமே 30 கிராம் கல். கடைசி மில்லிகிராம் வரை படிந்தாலும் அவ்வளவுதான். வெப்பக்கூட்டின் உட்பரப்பு 3,000 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துச் சமமாகப் பரப்பினால், தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் நாலு பங்கு. அந்தத் தடிப்புக்கு எந்தப் பொயிலரும் இடி இடிக்காது.

அப்படியானால் கல் எங்கிருந்து வந்தது?

“அக்கா, அமுக்க மானி எவ்வளவு காட்டுது?”

“அது அடிக்கடி இறங்கும் தம்பி. ஒண்டுக்குக் கீழை போனால் கீழை இருக்கிற குழாயைத் திறந்து தண்ணி விடுவம். மாமா காட்டித் தந்தவர். இரண்டு நாளைக்கு ஒருக்கா விடவேணும்.”

“எவ்வளவு காலமா?”

“போன வருசக் குளிரிலையிருந்து.”

விசாரணை அங்கே முடிந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை சில லீற்றர் புதுத் தண்ணீர் உள்ளே போகிறதென்றால், அதே அளவு பழைய தண்ணீர் எங்கோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது. சுற்று மூடியதாக இல்லை. பெயரளவில் பொயிலர், நடைமுறையில் கேத்தில். போதாக்குறைக்குப் புதுத் தண்ணீர் ஒவ்வொரு தரமும் கரைந்த ஒட்சிசனையும் கூட்டிவருகிறது. மூடிய சுற்றில் ஒட்சிசன் ஆரம்பத்திலேயே செலவாகிவிடும், பிறகு அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். இங்கே ஒவ்வொரு நிரப்பலும் அரிப்புக்கு மறுபடி தீனி. கல்லும் கறுப்புச் சேறும் சேர்ந்து, சுவாலைக்கு மிகக் கிட்டிய வளைவில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கொதிப்புக்கு மருந்து தேடிப் போனால் கிடைப்பது ஒழுக்கு. வாளி தண்ணீரோடு திரிந்த ஏ40 காரின் கதைதான், கண்டம் மாறி நடந்திருக்கிறது.

இதற்கு மேல் நானோ அக்காவோ செய்ய ஒன்றுமில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்களவர்களுக்கு ஸ்குரூட்ரைவர் கையில் கிடைத்தால் எதையும் கழற்றிப் பார்க்கும் துணிவு உண்டு. பிரித்தானியாவில் காஸ் கருவிகளில் கூலிக்கு வேலை செய்ய, ‘காஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயருள்ளவராக இருக்க வேண்டும். இது 1998ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் கீழ் உள்ள சட்டம். காரணமும் கடுமையானது. எரிகூட்டின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் புகை வீட்டுக்குள் வரலாம், அரைகுறையாக எரிந்தால் அதில் காபனோரொட்சைட்டு இருக்கும். அதற்கு நிறமுமில்லை மணமுமில்லை. தலையிடி என்று படுப்பவர் எழும்பாமல் போகலாம். வீட்டுக்காரர் செய்யக்கூடியவை: மானியைப் பார்ப்பது, வால்வுகளைத் திறப்பது, தகடுகளின் காற்றை விடுவது, எது எப்போது சுட்டது என்று குறித்துவைப்பது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு தரம் மீளவைத்துப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப அமத்துவது, பாதுகாப்புக்கு வைத்த கதவை உதைத்துத் திறப்பதற்குச் சமன்.

அந்தக் கதவுக்கு இரத்தக் கறை படிந்த வரலாறு உண்டு. 1803இல் கிறீனிச்சில் ரிச்சர்ட் திரெவித்திக் செய்த உயரமுக்க நீராவி இயந்திரம் ஒன்று, கவனித்தவர்களின் அசட்டையால் வெடித்து நான்கு பேர் இறந்தனர். அதன் பிறகு அவர் தம் கொதிகலன்களில் ஓர் ஈயத் தக்கையைப் பூட்டினார். தண்ணீர் மட்டம் இறங்கி உலோகம் வெறுமையாகச் சூடேறினால், தக்கை உருகி ஆவியை வெளியே விடும். மனிதன் நித்திரை கொண்டாலும் ஈயம் நித்திரை கொள்ளாது. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை முழுப் பாதை திறந்தபோது அதில் ஓடியவையும் நீராவி எஞ்சின்கள்தான். அவற்றின் கொதிகலனை நாட்கணக்கு வைத்துத் திறந்து, உள்ளே படிந்த கல்லையும் சேற்றையும் கழுவி இறைப்பது எந்த நாட்டு ரயில்வேயிலும் தவிர்க்க முடியாத வேலை. இன்றைய பெட்டிக்குள் ஈயத் தக்கை இல்லை. அதன் இடத்தில் வெப்ப உணரி, அமுக்கம் 3 பாரைத் தொட்டால் திறக்கும் வால்வு, சூடேறி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்க ரப்பர்த் திரையிட்ட ஒரு கலம். பத்துப் பாகையிலிருந்து எண்பதுக்குப் போனால் நூறு லீற்றர் தண்ணீர் மூன்று லீற்றர் அளவு விரியும். அந்தக் கலம் பழுதானால் அமுக்கம் ஏறி வால்வு திறக்கும், வெளிச்சுவர்க் குழாயால் தண்ணீர் சொட்டும், ஆறியதும் மானி கீழே விழும். அக்கா வீட்டில் நடந்தது அதுதான். வந்த பதிவு பெற்ற வேலையாள் முதலில் வெளிச்சுவரைப் போய்ப் பார்த்தாராம், குழாய்க்குக் கீழே செங்கல்லில் வெள்ளைக் கோடு வடிந்திருந்ததாம். கலத்தை மாற்றி, சுற்றைக் கழுவி, அரிப்புத் தடுக்கும் மருந்து ஊற்றி, காந்த வடி பூட்டிக் கொடுத்தார். வெப்பநிலையையும் 75இலிருந்து 60க்கு இறக்கிவிட்டார்.

அந்தக் கடைசிச் செயல் எங்களுக்கும் பயன்படும். யாழ்ப்பாணத்தில் இப்போது வெளிநாட்டுச் சொந்தங்களை நம்பிக் கட்டிய வீடுகளிலும் தங்குவிடுதிகளிலும் சுடுதண்ணீர்க் கீசர்கள் பெருகிவிட்டன. உள்ளே இருக்கும் மின்கம்பி, வன்னீரில் ஓரிரு வருடத்தில் கல் உறை போட்டுக்கொள்கிறது. உறைக்குள் அதன் சூடு ஏறி, ஒருநாள் வெடித்து அறுகிறது. ‘கரண்ட் ஏறி இறங்கினதாலை எரிஞ்சது’ என்று பழியை மின்சாரத்தில் போடுவார்கள். கழற்றிய கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தால் உண்மை தெரியும். கட்டுப்படுத்தியை 60 பாகையில் வைத்தால் 75இல் படிவதைவிடக் குறைவாகவே படியும். அதற்குக் கீழே போகவும் வேண்டாம், வெதுவெதுப்பான தேக்கத்தில் கிருமி வளரும். உள்ளே இருக்கும் மக்னீசியக் கோலும் கரைந்து முடியும் சாமான், அதைப் பார்த்து மாற்ற வேண்டும்.

தண்ணீரை மென்மையாக்கும் பொறி வாங்கச் சொல்லிக் கடைக்காரர்கள் ஆலோசனை தருகிறார்கள். பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், பிடித்துக் களைத்ததும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். வேலை செய்யும் பொறிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உப்புக் கழிவு எங்கே போகிறது? லண்டனில் சாக்கடைக்குள். இங்கே வளவுக்குள், வெடிப்புக் கல்லுக்குள், அங்கிருந்து கிணற்றுக்குள். ஏற்கெனவே கடல்நீர் ஏறிச் சவராகிவரும் நிலத்தடிக்கு மேலும் உப்பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கீசருக்கு மட்டும் கூரை மழைநீரைச் சேர்த்துக் கொடுப்பது சொல்ல எளிது, கல்லுக் கரைச்சலும் அடியோடு தீரும். தாங்கிக்கும் வடிக்கும் ஆரம்பச் செலவு இருக்கிறது, அதைக் கணக்குப் பார்த்தே செய்ய வேண்டும்.

கூரையில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வைத்த சூரிய நீர்ச்சூடாக்கிகளுக்கு வேறு சிக்கல். அங்கே தீயை அணைக்க ஆளில்லை. வீட்டுக்காரர் கனடாவுக்குத் திரும்பிப் போனபின், தண்ணீரை யாரும் எடுக்காமல் சித்திரை வெயிலில் குழாய்கள் நாள் முழுதும் காய்ந்தால் உள்ளே நூறு பாகையையும் தாண்டும், கிடக்கும் தண்ணீரில் இருந்த கல் முழுவதும் குழாய்ச் சுவரில் படியும். பூட்டிவிட்டுப் போகும்போது ஒரு பழைய படங்கால் குழாய்களை மூடிக் கட்டிவிட்டுப் போகலாம். திரும்பி வருகிறவர் முதல் நாளிலேயே, அதுவும் விடியமுன், வெயில் படாத குழாய்களுக்குள்தான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். உச்சி வெயிலில் வெறுமையாய்க் காய்ந்த கண்ணாடிக்குள் குளிர்ந்த நீர் புகுந்தால் அது வெடிக்கும்.